மெயினா, கிராஸா?: பைட் வரிசை குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்: மேசைக் கணினியும் எக்ஸ்பாக்ஸ் 360-உம் இரண்டு முழ இடைவெளியில் இருக்க, அவை பேசிக்கொள்ள நடுவில் ஒரு லைப்ரரி எதற்கு?

சிக்கல்: தொடர்பு கிடைப்பது கடினமன்று. விளையாட்டு உருவாக்குவோருக்கான டெவலப்மென்ட் கிட்டின் 730-ஆம் போர்ட்டைத் தட்டினால், "201- கனெக்டட்" என்று மரியாதையாகவே பதில் வரும். வில்லங்கம் அதன் பிறகுதான். 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-உம் 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-உம் பவர்பிசி வழிவந்தவை. எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைப்பவை. இன்டெல் கணினியோ சிறிய பகுதியை முதலில் வைக்கும். வீரனின் உயிர் 100 என்பதைக் கன்சோல் 0, 0, 0, 100 என்று நான்கு பைட்டாக அனுப்புகிறது. கணினி அதைத் தன் வழக்கப்படி படித்து 167,77,21,600 என்கிறது. இவ்வளவு ஆயுளை எழுதச் சித்திரகுப்தனின் ஏட்டிலும் இடமில்லை.

முன்னோர் ஆய்வு: 1980 ஏப்ரல் 1 அன்று டேனி கோஹன் இந்தப் பூசலைப் பற்றி எழுதி, இரு கட்சிகளுக்கும் பெருமுனை, சிறுமுனை என்று பெயர் சூட்டினார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று போரிட்ட கூட்டத்தாரைக் கலிவரின் பயணங்களிலிருந்து (1726) இரவல் வாங்கினார். முட்டாள்கள் தினத்தில் வெளியானாலும் கட்டுரை முட்டாள்தனமானதன்று.

தமிழ்ச் சான்று: தகப்பனார் பெயரின் எழுத்தை முன்னால் வைக்கும் தமிழர் பெருமுனைக் கட்சி. அதே ஆள் பெங்களூருக்கு வேலைக்கு வந்ததும், அலுவலக அடையாள அட்டையில் அந்த எழுத்து வாலுக்குப் போய்விடும். ஆள் மாறவில்லை, முனை மாறிவிட்டது.

கள ஆய்வு: பெங்களூர் நண்பர் ஒருவர் தம் முகவரியை "8, 15, மல்லேசுவரம்" என்று மட்டும் அனுப்பியிருந்தார். இவ்வாய்வாளர் 8-வது கிராஸில் (குறுக்குத் தெருவில்) இறங்கி, கடைக் கூட்டத்துக்குள் 15-வது மெயினை (நெடுந்தெருவை) தேடிக் களைத்தார். பிறகு ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் செல்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எட்டு மெயினா, கிராஸா சார்?" நண்பருக்குப் போன் போட்டதில், அவர் வீடு 8-வது மெயின், 15-வது கிராஸ்.

முடிவு: எண்கள் பொய் சொல்வதில்லை, தாம் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதையும் சொல்வதில்லை. யாராவது கேட்டாக வேண்டும். லைப்ரரி அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, 'அரே.ரிவர்ஸ்' என்ற ஒற்றை வரியில் பைட்டுகளைத் திருப்பி வைக்கிறது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்-உம் கணினியின் கட்சிக்கே தாவிவிட்டதால், அவ்விடத்தில் பூசல் ஓய்ந்தது. மல்லேசுவரத்தில் ஓயவில்லை.

ஓட்டுநரும் ரிவர்ஸ்தான் எடுத்தார். மீட்டருக்கு ஒன்றரை மடங்கு கேட்டார். லைப்ரரி கேட்பதில்லை.