கேஸ் மட்டும் போட்டால் போதும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமாவிடமிருந்து போன் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "எங்கியோ வண்டி வந்திருக்குதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா இட்லிச் சட்டியை இறக்கப் போய்விடுவாள். வண்டி என்றால் பழைய கார். மாமா கார் வாங்கப் போகிறார். 2009-லிருந்து போய்க்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். சில வீடுகளில் அவர் சித்தப்பா; சில ஆபீஸ்களில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் சீனியர். ஒரு லட்சத்துக்குள், சின்னச் சின்ன வேலையோடு, தங்கமான வண்டி ஒன்று எங்கோ ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தனக்காகவே படுத்திருக்கிறது என்பது இவர்களின் நம்பிக்கை. அந்த வண்டியை யாராவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் அதில் இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பது இவர்களின் வேலை.

மாமா முப்பது வருஷம் மில் ஸ்டோரில் இருந்தவர். வந்த சரக்கைத் தட்டிப் பார்த்து, எண்ணிப் பார்த்து, மோந்து பார்த்து உள்ளே விடுவதுதான் உத்தியோகம். சரியான சரக்கை வாங்கி வைத்ததற்காக அவரை ஒருவரும் மெச்சியதில்லை. திருப்பி அனுப்பிய லோடுக்குத்தான் முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். மாமாவுக்குக் கார் இல்லாததற்கு அந்தத் தட்டு ஒரு முக்கியமான காரணம் என்பது என் கட்சி.

நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே பாதி வண்டிகள் கழிந்துவிடும். டிஎன் 43 என்றால் ஊட்டி: "மலை ஏறி எறங்கின வண்டி, கிளட்ச் பிளேட் அப்பளமாட்ட இருக்கும்." 69 என்றால் தூத்துக்குடி: "உப்புக் காத்து. கதவுக்கு அடியில வெரல வெச்சா உள்ள போயிரும்." சென்னை நம்பர் எதுவானாலும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது, அதற்குப் பிறகு பதிவான வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கியது. கேரள வண்டிக்கு மழை. திருப்பூர் 39-க்கு மலையும் இல்லை, மழையும் இல்லை, கடலும் இல்லை. ஆனால், "பனியன் பண்டல் ஏத்தி ஏத்தி சஸ்பென்ஷன் உக்காந்திருக்கும் மாப்ளே." தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தையும் தொழில்வளத்தையும் நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, மாமா கழித்துப்போட்ட வண்டிகளிடம்.

2025 ஆவணிக் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாருதி 800 வந்திருந்தது. 2007 மாடல், 75,000 ரூபாய். டிஎன் 41, அதாவது மாமா இன்னும் குறை சொல்லி முடிக்காத நம்பர். உக்கடத்தில் பஸ் ஏறினோம். வண்டியைச் சோதிக்க வந்த மெக்கானிக் தன் பைக்கில் முன்னால் போய்விட்டிருந்தார். மாமாவின் மஞ்சள் பையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு நாற்பது பக்க நோட்டு, பழனி முருகன் படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று. கடைசியில் சொன்னது அத்தைக்குத் தெரியாமல் எடுத்து வந்தது.

விற்கிறவர் ரிட்டயர்டு வாத்தியார். தென்னந்தோப்புக்குள் வீடு. "வாங்க, வாங்க. எளநி வெட்டட்டுங்களா?" என்றார். "மொதல்ல வண்டியப் பாத்தரலாமுங்க" என்றார் மாமா. இளநீர் குடித்துவிட்டால் குறை சொல்ல நா எழாது என்பது அவர் கண்ட அனுபவம். தார்ப்பாயை உருவியதும் அடியிலிருந்து ஒரு கோழி கோபமாக வெளியே போனது. வெள்ளை வண்டி. பின்பக்கக் கண்ணாடியில் உரித்தும் போகாத ஒரு கட்சி ஸ்டிக்கரின் தழும்பு.

"நான் ஒருத்தன்தானுங்க ஓட்டினது. பள்ளிக்கூடம், தோட்டம், வருசத்துக்கு ஒருக்கா பழனி. 48,000 கிலோமீட்டர்தானுங்க ஓடியிருக்குது."

இங்கே வாத்தியாரை நான் பாராட்ட வேண்டும். டாக்டர் ஓட்டிய வண்டி என்று அவர் சொல்லவில்லை. மாமாவோடு நான் பார்த்த வண்டிகளில் முக்கால்வாசியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். இத்தனை காரையும் ஓட்டிக்கொண்டு அவர்கள் எப்போது வைத்தியம் பார்த்தார்கள் என்பது தெரியவில்லை.

மாமா முருகனை எடுத்தார். இரும்பில் காந்தம் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பானெட்டில் முருகன் நின்றார். நாலு கதவிலும் நின்றார். இடது பின்பக்க வளைவுக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு மயிலோடு கீழே விழுந்தார்.

"அடி வாங்கின வண்டிங்களா?"

"அது தென்னமரமுங்க" என்றார் வாத்தியார், திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்டவர் போல. "ரிவர்ஸ் எடுக்கறப்ப." மரத்தையும் காட்டினார். மரத்திலும் தழும்பு இருந்தது. மாமா மரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட்டின் அடிப்பக்கம் சேறு படிந்திருக்கும். "பொள்ளாச்சியில ஏது மாமா வெள்ளம்?" என்று மெதுவாகக் கேட்டேன். "வண்டிக்குச் சக்கரம் எதுக்கு இருக்குது?" என்றார். ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் பார்த்தார். வெண்ணெய் போலப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வெண்ணெய் இல்லை. டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2317. 2017-ன் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்த டயர். மாமா அந்த டயருக்குத் துக்கம் விசாரிப்பவர்போல் தலையாட்டினார்.

மெக்கானிக் சாவியைத் திருகினார். ஒரே கிராங்கில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகையில் நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோலை அளவில்லாமல் குடிக்கிறது, சூடான பிறகும் விடாமல் வெள்ளை வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். இந்த வண்டி எந்தப் புகையும் விடவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. "பொகைய மறைக்க ஆயிலக் கெட்டியா ஊத்தி வெச்சிருப்பாங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு, வெள்ளைக் கைக்குட்டையை சைலன்சருக்குள் விட்டுத் துடைத்துக் காட்டினார். வட்டமாகக் கரி.

"சைலன்சர்னா கரி இருக்கத்தானுங்க செய்யும்" என்றார் மெக்கானிக்.

"ஏசிங்க?" என்று மாமா கடைசி அஸ்திரத்தை விட்டார்.

"கேஸ் மட்டும் போட்டாப் போதுமுங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ள பதினாறு வருஷம் அவரோடு அலைந்திருக்க வேண்டும். கம்ப்ரசர் ஜாம் ஆகியிருக்கலாம், கூலிங் காயிலில் ஓட்டை விழுந்திருக்கலாம், உள்ளே எலி குடும்பம் நடத்தலாம். எதுவானாலும் நாங்கள் பார்த்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் லட்சணம் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டியையும் சந்தேகித்தே விலை கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் கொடுக்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது டப்பாக்கள். 2001-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட மூவரில் அவரும் ஒருவர். மாமாவுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. ஏக்கர்லாஃபின் ஊரில் டப்பா வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். நாம் வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்த்துகிறோம். ஏக்கர்லாஃப் இதைக் கேள்விப்பட்டால் இன்னொரு கட்டுரை எழுதுவார்.

திண்ணையில் உட்கார்ந்து மாமா கணக்குப் போட்டார். டயர் நாலு 11,000. பேட்டரி 4,000. கிளட்ச் 4,500. ஷாக் அப்சார்பர், புஷ் வகையறா 8,500. டிங்கரிங், பெயின்ட் 28,000. ஏசி 12,000 ("கேஸ் மட்டும்னா நம்பீருவமா?"). சில்லறை 5,000. ஆக 73,000. வண்டி விலையோடு 1,48,000.

இனிமேல்தான் மாமாவின் ஏணி. "ஒன்னர கிட்ட வந்தாச்சு மாப்ளே. அதுக்கு 2012 ஆல்ட்டோவே வருமே?" வரும். ஆனால் அதற்கும் வேலை இருக்கும், ஐம்பதாயிரம் சேர்த்தால் இரண்டு லட்சம். இரண்டு லட்சத்துக்கு இன்னும் புதுசாக ஒரு வேகன்-ஆர். அதற்கும் டயர், அதற்கும் பேட்டரி. இப்படி நாலு படி ஏறினால் ஷோரூம் வாசலில் நிற்போம். அங்கே நின்றதும் மாமாவுக்கு ஞானம் வரும்: "புது வண்டி ஷோரூம் கேட்டைத் தாண்டினாலே ஒரு லட்சம் போச்சு. பழசு வாங்கறதுதான் புத்திசாலித்தனம்." மறுபடி தென்னந்தோப்பு, தார்ப்பாய், கோழி. இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் நியாயமானது என்பதுதான் கொடுமை. அவர் சொல்லும் குறைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

மெக்கானிக் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். "ஒட்டுக்கா எல்லாம் பண்ண வேண்டியதில்லீங்க. பாடியில துரு இல்ல, சேசிஸ் நேரா இருக்குது, ஆர்சி-யில கடன் பாக்கி இல்ல. டயரும் பிரேக்கும் இன்னைக்குப் பாத்துக்கலாம், கிளட்ச் தை மாசம், பெயின்ட் எப்பவுமே வேண்டாம். ஓடற வண்டிய ஓட்டிட்டே பாக்கலாமுங்க." மாமா அவரை, சீட்டில்லாமல் லோடு இறக்க வந்த லாரிக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மாமாவின் கணக்கில் வண்டி முதல் நாளே புதுசாகிவிட வேண்டும்.

வாத்தியாருக்கும் பொறுமை தீர்ந்தது. "செரி, 65-க்கு எடுத்துக்குங்க" என்றார்.

தப்பு செய்துவிட்டார். "பத்தாயிரம் பொக்குனு எறக்கறாருன்னா உள்ள என்னமோ இருக்குது மாப்ளே" என்று மாமா என்னைத் தோப்புக்குள் தள்ளிக்கொண்டு போனார். நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது. எஃப்சி 2027 வரைதான். 2022-ல் 600-லிருந்து 5,000 ஆக்கிய கட்டணம், இருபது வருஷம் தாண்டிய காருக்கு இப்போது 10,000. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய வண்டியின் ரப்பர் ஓஸ் என்ன ஆகும்? அதோடு, செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிறது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். "சித்த பொறுத்தமுன்னா 50-க்கே வரும்." பொறுத்தால் ஆடி வரும், ஆடியில் வாங்கக் கூடாது. மார்கழியிலும் கூடாது. மீதிப் பத்து மாதத்தில் அஷ்டமி, நவமி, கரிநாள் போக மிஞ்சுகிற நாளில் மாமாவுக்கு இடுப்பு வலி.

திரும்பி வந்து, "ஊட்ல கலந்துட்டுச் சொல்றனுங்க" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் வீட்டில் கலந்து நான் பார்த்ததில்லை. அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். "அந்த வடவள்ளிக் கல்யாணத்துக்குக் கார்ல போலாம்னு 2012-ல சொன்னாரு. அந்தப் புள்ளையோட பையன் இப்ப ஏழாவது படிக்கறான்" என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, கோயிலுக்கு டவுன் பஸ். மாமாவிடம் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. ஓட்டாமலே ஒருமுறை புதுப்பித்தும்விட்டார்.

வண்டியில்லாவிட்டாலும் மாமாவுக்கு அந்தஸ்துக்குக் குறைவில்லை. வண்டி வாங்க நினைக்கும் யாரும் முதலில் அவரிடம்தான் வருகிறார்கள். வாங்கியவனிடம் யார் யோசனை கேட்கிறார்கள்? "அப்பவே பாத்திருக்கணும்" என்றுதான் சொல்வார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறவரை மாமாவை ஒரு வண்டியும் ஏமாற்ற முடியாது.

கார்த்திகையில் மறுபடி ஞாயிறு, மறுபடி ஏழு மணி. அவிநாசியில் ஒரு ஜென். "பஸ் வேண்டா மாப்ளே, மெக்கானிக் வண்டி கொண்டாறான்." வாசலில் ஹாரன் கேட்டு வெளியே வந்தேன். வெள்ளை 800. இடது பின்பக்கம் தென்னைமரத்தின் கைங்கரியம் அப்படியே இருந்தது. டயர் மட்டும் புதுசு. மெக்கானிக் கூச்சத்தோடு சிரித்தார். 62-க்கு முடித்தாராம்.

மாமா ஏற்கெனவே முன்சீட்டில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். "எட்டு நம்பர்னு சொன்னேன், கேக்கல" என்று என்னிடம் புகார் சொன்னார். நீலம்பூர் தாண்டியதும் மெக்கானிக் ஒரு பட்டனைத் தட்டினார். குளிர் காற்று முகத்தில் அடித்தது. மாமா கையை நீட்டித் துவாரத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு ஆச்சு?"

"கேஸ் மட்டும் போட்டனுங்க."

மாமா நோட்டைப் பிரித்து அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தார். ஏசி 12,000 என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். அடிக்கவில்லை.

"கார்த்திகைல எந்த ஏசியும் கூலிங்காத்தான் இருக்கும்" என்றார். "சித்திரை வரட்டும், பாக்கலாம்."