பிளஸ் ஐந்நூறு

கம்பெனிக்காரன் நிர்ணயித்த வேகத்தில் ஒரு பொருள் ஓடுவதை ஓவர்கிளாக் தம்பியால் பொறுத்துக்கொள்ள முடியாது. "வாரன்ட்டிக்குப் பயந்து அடக்கி வாசிக்கிறான் சார்" என்பார். ஆகவே வாங்கிய அன்றைக்கே ஸ்குரூவைக் கழற்றி, தெர்மல் பேடை மாற்றி, வாரன்ட்டிக்கு ஒரு முடிவு கட்டிவிடுவார். பிறகு யாருக்கு யார்மேல் பயம்?

கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 3080. 2022 கடைசியில் ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது. அந்த வருடம் செப்டம்பரில்தான் எதீரியம் மைனிங்குக்கு முழுக்குப் போட்டது. இரவு பகலாகக் காசு தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் எல்லாம் வேலை போய்க் கடைக்கு வந்து நின்றன. "டாக்டர் வீட்டுப் பையன் வெச்சிருந்தது தம்பி, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கேம்" என்றார் கடைக்காரர். என்னைக் கேட்டால், மெமரி வேகத்தை ஏற்றி நாலு காசு பார்த்தவர்கள் அந்த மைனர்கள் மட்டும்தான். அவர்கள் கணக்கு முழுக்க மெமரியை நம்பியே ஓடியது. கேம் அப்படியில்லை, பாதி நேரம் கோரின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்கும். இதைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

இரவு பதினொன்றுக்கு மேல்தான் வேலை ஆரம்பம். எம்எஸ்ஐ ஆப்டர்பர்னரைத் திறந்து மெமரி கிளாக் ஸ்லைடரைப் பிடிப்பார். பிளஸ் நூறு. கார்டு வாய் திறக்கவில்லை. பிளஸ் முந்நூறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளஸ் ஐந்நூறு. இப்போது ஒவ்வொரு பின்னிலும் 19 ஜிகாபிட் போன இடத்தில் 20 போகிறது. 320 பிட் அகலத்துக்குக் கணக்குப் போட்டால், நொடிக்கு 760 ஜிகாபைட் 800 ஆகிவிட்டது! உடனே யூனிஜின் ஹெவன் பெஞ்ச்மார்க் ஓடும். அந்தரத்தில் மிதக்கும் கிராமம், பறக்கும் கப்பல், கல் டிராகன். சொந்த ஊர்த் தெருவைவிட அந்தக் கிராமம்தான் தம்பிக்கு அத்துப்படி.

"230 இருந்தது சார், 235 ஆயிடுச்சு!"

மானிட்டர் கல்லூரிக் காலத்தது. நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. மிச்சம் 175 தம்பியின் மனக்கண்ணுக்கு.

ஐந்நூறோடு நின்றால் அவர் எப்படி ஓவர்கிளாக் தம்பி ஆவார்? பிளஸ் ஆயிரத்து இருநூறு. பழைய தலைமுறைக் கார்டாக இருந்தால் இந்நேரம் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக வெடித்து, எல்லாம் இருண்டு, ஆசாமிக்குப் புத்தி வந்திருக்கும். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரிக்கு அந்த நேர்மை கிடையாது. தப்பிப் போன தகவலைத் தானே கண்டுபிடித்து மறுபடி அனுப்பிவைக்கும். கல்யாண வீட்டில் மின்னல் வேகத்தில் மொய் எழுதிக்கொண்டே, ஒவ்வொருவரிடமும் பெயரை இரண்டு தடவை கேட்கிறவர் மாதிரி. படம் சுத்தமாக வரும், வேகம்தான் படுத்துவிடும். ஸ்லைடர் ஆயிரத்து இருநூறு என்கிறது, ஹெவன் 226 என்கிறது. கை வைக்காமலே இருந்திருந்தால் 230.

தம்பி ஸ்லைடர் பக்கம். "டிரைவர் பிரச்சினை சார். அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

இதற்குள் மெமரி ஜங்ஷன் சூடு 104 டிகிரி. 110ஐத் தொட்டால் கார்டே பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதச் சென்னை. கேபினட்டின் பக்கவாட்டுக் கதவு கழன்று கட்டிலுக்கு அடியில் போய் ரொம்ப நாளாகிறது. சமையலறையிலிருந்து குரல்:

"டேய், இங்க இருந்த டேபிள் ஃபேன் எங்கடா?"

"மெமரி ரொம்ப ஹீட் ஆகுதும்மா."

"எனக்கும்தாண்டா ஆகுது!"

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் வருவான். இவ்வளவு பெரிய கார்டு இருக்கிற வீடாயிற்றே என்ற நம்பிக்கையில் சொந்தமாகக் கன்ட்ரோலரும் கொண்டுவருவான்.

"மச்சி, ஒரு மேட்ச் ஆடலாமா?"

"இரு மச்சி, ஸ்டேபிளா இருக்கான்னு ஒரு ரவுண்டு பாத்துடறேன்."

ஒரு ரவுண்டு முடியும். ஸ்லைடரில் இருபத்தைந்து கூடும். இன்னொரு ரவுண்டு. இருபத்தைந்து இறங்கும். கல் டிராகன் திரும்பத் திரும்ப வந்து போகும். சிநேகிதன் காபி குடித்து, முறுக்குத் தின்று, தன் போனிலேயே லூடோ ஆடித் தோற்று, கடைசியில் பொறுமையிழந்து மவுஸைப் பிடுங்குவான்.

"கேம் எல்லாம் எந்த டிரைவ்லடா இருக்கு?"

"அதெல்லாம் போன வாரமே தூக்கிட்டேன் மச்சி. பெஞ்ச்மார்க் போட இடம் பத்தலை."