தட்டிக்கொண்டே இருக்கலாமா?

கேள்வி: ஒரே காரியத்துக்காக வருஷக்கணக்கில் ஜெபிக்கிறேன். "ஒருமுறை கேட்டுவிட்டு விசுவாசத்தோடு விட்டுவிடணும், திரும்பத் திரும்பக் கேட்டால் அவிசுவாசம்" என்கிறார் எங்கள் ஜெபக்குழு அக்கா. சரிதானா?
- வாசகி, நாசரேத்

பதில்: கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று முறை ஜெபித்தார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று உங்கள் அக்காவும் சொல்லமாட்டார். கேளுங்கள்.

கேள்வி: ஆனால் ஜெபத்தில் வார்த்தைகளை வீணாக அடுக்க வேண்டாம் என்று சொன்னவரும் இயேசுதானே?
- வாசகர், திருச்சி

பதில்: அவர்தான். நிறையப் பேசினால் கடவுள் மசிந்துவிடுவார் என்ற நினைப்பை அவர் கண்டித்தார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை இரவெல்லாம் "அம்மா, அம்மா" என்று முனகினால், எந்தத் தாய் அதை வீண் வார்த்தை என்பாள்?

கேள்வி: லூக்கா 18-இல் அந்த விதவை நீதிகெட்ட நியாயாதிபதியை நச்சரித்துக் காரியம் சாதித்தாள். கடவுளையும் அப்படி நச்சரித்தால்தான் நடக்குமா?
- வாசகர், வடக்கன்குளம்

பதில்: அந்த நியாயாதிபதியில் கடவுளின் முகத்தைத் தேடாதீர்கள். கடவுளுக்குப் பயப்படாதவன், மனிதரை மதிக்காதவன் என்று கதையின் முதல் வரியிலேயே இயேசு சொல்லிவிடுகிறார். அப்பேர்ப்பட்டவனே அசைந்து கொடுத்தான் என்றால், நேசிக்கிற கடவுள் கேளாமல் இருப்பாரா என்பதுதான் கதை. எனக்கு அந்த விதவையைப் பற்றித்தான் அதிகம் பேசத் தோன்றுகிறது. அன்றைய சமுதாயத்தில் விதவைக்குப் பரிந்து பேச ஆள் கிடையாது. அவள் பணத்தையோ சிபாரிசையோ காட்டியதாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. மறுபடி மறுபடி வந்து நின்றாள், அவ்வளவுதான். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகவே இயேசு இதைச் சொன்னார் என்று லூக்கா தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். சோர்வு வரும் என்று தெரிந்தே சொல்லப்பட்ட கதை இது. முடிக்கும்போது அவர் ஒரு கேள்வியும் கேட்கிறார்: தாம் திரும்பி வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண முடியுமா என்று. வடக்கன்குளத்திலிருந்து "முடியும்" என்று ஒரு பதில் போகட்டும்.

கேள்வி: என் மகன் குடிக்கு அடிமை. பதினைந்து வருஷமாக அழுது ஜெபிக்கிறேன். நேற்றும் தள்ளாடித்தான் வீட்டுக்கு வந்தான். இனியும் ஜெபிக்கத்தான் வேண்டுமா?
- ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: அம்மா, உங்களுக்கு முன் இதே பாரத்தைச் சுமந்த ஒரு தாயைச் சொல்கிறேன். வட ஆப்பிரிக்காவின் மோனிக்கா. மகன் அகுஸ்தீன் மகா புத்திசாலி. ஆனால் தாயின் விசுவாசத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டவன். 383-இல் அவன் ரோமுக்குப் புறப்பட இருந்தான். போய்விடக் கூடாதே என்று கார்த்தேஜ் துறைமுகத்தருகே, புனித சிப்ரியான் நினைவாலயத்தில், அந்தத் தாய் இரவு முழுவதும் கண்ணீரோடு ஜெபித்தார். மகனோ பொய் சொல்லிவிட்டு அன்றிரவே கப்பலேறிவிட்டான். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை.

அந்த ஜெபம் அப்படியே தள்ளப்பட்டது. ஆனால் அந்தப் பயணம்தான் அகுஸ்தீனை ரோம் வழியாக மிலான் நகரத்துக்கு, ஆயர் அம்புரோஸின் பிரசங்கத்துக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. 387 ஈஸ்டரில் அம்புரோஸ் கையாலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அந்த இரவில் கேட்டதைக் கடவுள் மறுத்தது, அவர் எந்நாளும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே என்று பின்னாளில் அகுஸ்தீனே எழுதினார். மோனிக்கா அதைக் கண்ணால் பார்த்தார். அதே ஆண்டில் ஓஸ்தியா துறைமுக ஊரில் காலமானார்.

உங்கள் மகனுக்கும் இப்படித்தான் முடியும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. ஆனால் தள்ளப்பட்டதாகத் தோன்றும் ஓர் இரவை வைத்து மொத்தக் கணக்கையும் முடித்துவிடாதீர்கள். இன்னொன்று: குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. ஜெபித்த கையோடு மருத்துவரையும் போய்ப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: கடவுள்மேல் கோபம் கோபமாக வருகிறது. பாவமா?
- கல்லூரி மாணவி, சென்னை

பதில்: 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். அவரைவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

கேள்வி: உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் எல்லாம் செய்தவன் நான். இப்போது முழங்கால் போடவே தெம்பில்லை. பின்வாங்கிவிட்டேனா?
- வாசகர், கோவை

பதில்: கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்த எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழே கிடந்து சாவைக் கேட்டார். தேவதூதன் கண்டிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். வாரங்கள் கடந்தும் இந்தச் சோர்வு நீங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சுகம் கிடைக்காததற்கு என் விசுவாசக் குறைவுதான் காரணமாம். மேடையிலிருந்தே சொல்லிவிட்டார்கள்.
- வாசகி, தூத்துக்குடி

பதில்: அப்படிச் சொன்னது அநியாயம். தன் உடலில் இருந்த முள் நீங்கப் பவுல் மூன்று முறை வேண்டினார், நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. உங்கள் பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. அவர் சும்மா கிடக்கவில்லை. நோயில் கிடப்பவர்களுக்கு, நோயில் கிடந்தபடியே கடிதங்கள் எழுதினார். அவருக்கா விசுவாசம் குறைவு? படுக்கையில் இருப்பவர்மேல் இன்னொரு பாரத்தை ஏற்ற எந்த மேடைக்கும் உரிமை கிடையாது.

கேள்வி: பதில் கிடைத்த பிறகுதான் மனம் ஆறுமா?
- வாசகர், மதுரை

பதில்: அன்னாளைக் கேளுங்கள். பிள்ளை இல்லாத துக்கத்தில் சீலோவில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். மனதை ஊற்றிவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள், முகத்தில் துக்கம் இல்லை. சாமுவேல் பிறந்தது அதற்கப்புறம்தான்.

கேள்வி: கணவரை இழந்த என் தோழி கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "ஜெபிக்க வரவில்லை" என்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். கப்பர்நகூமில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது "அவர்கள்" விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். தோழிக்கு ஜெபிக்க முடியாத இந்த மாதங்களில் அவருக்காக நீங்கள் ஜெபியுங்கள். வருகிற ஞாயிறும் அவர் வராவிட்டால், ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.