வஞ்சிரத்துக்கு வறுவல், மத்திக்கு வசவு

விருந்தாளி வந்தால் வஞ்சிரம். வீட்டு ஆட்கள் மட்டும் என்றால் மத்தி, அதுவும் சன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு. பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விட்டால் அந்தஸ்து என்னாவது!

மத்தி என்றால் முகம் சுளிக்கும் அதே குடும்பத் தலைவர் மருந்துக்கடையில் ஒமேகா-3 மாத்திரையை டப்பா டப்பாவாக வாங்குவார். அதிலுள்ள மீன் எண்ணெயில் பெருமளவு பெரு நாட்டுக் கடலோரத்து நெத்திலியைப் பிழிந்து எடுத்தது. மத்தியிலிருந்து எடுப்பதும் உண்டு. சட்டியில் கிடந்தால் ஏழை மீன், புட்டிக்குள் போனால் இதயத்தின் காவலன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் நம்மவர் ஐஸில் உறைந்த வஞ்சிரத்தைச் சொன்ன விலைக்கு வாங்கி, 'ஃப்ரெஷ்' என்று நம்புவார். நாட்டுப்படகில் காலையில் வந்த நெத்திலி கூடையில் பளபளக்கும், யார் பார்க்கிறார்கள்?

இத்தனைக்கும் இந்தச் சின்ன மீன்களைக் குழம்பு வைக்க வேலை சொற்பம். புளி, சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், பருவமென்றால் மாங்காய். குழம்பு கொதித்தபின் மீனைப் போட்டால் பத்து நிமிடம். கரண்டியால் கிண்டாமல் சட்டியை ஆட்டிவிடுங்கள், போதும். முள் குத்துமே என்பவர்கள் மாத்திரையையே விழுங்கட்டும். எங்களுக்கு இன்னும் இரண்டு துண்டு மிஞ்சும்.