பொமரேனிய நாயின் மெய்யும் மனமும் பயில்வித்தல்: மின்கம்பச் சான்றுகளை முன்வைத்து

பொமரேனியனை நடைக்கு அழைத்துச் செல்வது பற்றித் தமிழில் முழுமையான ஆய்வு இல்லை என்ற பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. அக்குறையை இதுவரை யாரும் உணரவில்லை என்பது அதன் ஆழத்தையே காட்டுகிறது.

முதலில் ஆய்வெல்லை. பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெயரைத் தாங்கிய இவ்வினம் மடியில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியதில் விக்டோரியா அரசிக்குப் பங்குண்டு. 1888-இல் இத்தாலியிலிருந்து அவர் கொண்டுவந்த மார்கோ என்ற நாய்தான் சிறிய பொமரேனியன்மேல் ஊருக்கே மோகத்தைக் கிளப்பியது. நம் தெருக்களில் அப்பெயரில் உலவுபவற்றில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பாரும் உளர். இதை உரிமையாளரிடம் சொன்னவருக்கு அந்த வீட்டில் மறுபடி காபி கிடைத்ததில்லை (குடியிருப்புக் காவலாளி, வாய்மொழி).

மெய்ப்பயிற்சி நால்வகை: நடை, ஓட்டம், தாவல், குரைத்தல். ஓட்டம், வாசற்கதவைச் சாத்த மறந்தால் நிகழ்வது. குரைத்தலுக்குப் பயிற்சி தேவையில்லை. முழங்கால் சில்லு நழுவுவது இவ்வினத்தில் சகஜம். சோபாவிலிருந்து குதிப்பது அதற்கு உதவாது. எஞ்சிய நடைக்கு விதிகள் இரண்டு. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் மெலிந்த மூச்சுக்குழாய் பாதிக்கப்படும், மார்புப்பட்டையே முறை. சென்னையின் மே மாதத்தில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூட்டைப் பாதமும் பொறுக்காது. ஈரடுக்கு ரோமத்தோடு வெயிலில் நடப்பதைவிட விடியலில் நடப்பதே நலம் (மூன்றாம் மாடி மாமி, லிஃப்ட் உரை, கீழிறங்குகையில்).

இனி மனப்பயிற்சி. நாய்க்கு மனம் உண்டா என்பதே முதற்சிக்கல். தொல்காப்பிய மரபியல் விலங்குக்கு ஐந்தறிவும் மனிதனுக்கு ஆறாவதாக மனமும் வகுத்தது. ஆனால் சில விலங்குகளுக்கும் ஆறறிவு உண்டென்று உரைமரபு கதவைச் சற்றே திறந்து, கிளியையும் குரங்கையும் யானையையும் உள்ளே விட்டது. நாய் வாசலிலேயே நிற்கிறது. ஒரு முனைவர் பட்டத்துக்கு இடம் இருக்கிறது.

ஐயம் தீரும்வரை சோதனைகள் தொடரலாம். பழைய துண்டில் தீனித் துணுக்குகளைச் சுருட்டி வைத்தால் மூக்கால் பிரித்தெடுக்கும். மூன்று டம்ளர்களில் ஒன்றன் கீழ் ஒளித்தால், யோசிக்காமல் மூன்றையும் கவிழ்க்கும். இதைத் தோல்வி என்று குறித்தவர் உண்டு, முறையியல் மறுப்பு என்பதே பொருத்தம் (மேற்படி மாமி, மேற்படி லிஃப்ட், மின்தடையில் சிக்கியபோது ஆற்றிய விரிவுரை, திருத்திய பதிப்பு, மாமாவின் மறுப்புரை இன்னும் அச்சேறவில்லை).

ஆயினும் தலையாய மனப்பயிற்சிக்கூடம் மின்கம்பமே. கம்பத்தடியில் நிற்கும் நாயை “வா, வா” என்று இழுப்போர், நூலகத்தில் விளக்கை அணைப்போருக்கு ஒப்பாவர். மனித மூக்குக்கு எட்டாத செய்திகள் அங்கே அடுக்கடுக்காக உள்ளன: வந்தது யார், ஆணா பெண்ணா, எப்போது வந்தது. பொமரேனியன் அடித்தளத்தில் தொடங்கி ஒவ்வொரு படிவத்தையும் முகர்ந்து முடிக்கிறது. கல்விப்புலத்தார் இதை முன்னாய்வு மதிப்பீடு என்பர். பின்னர் காலைத் தூக்கி, முன்னோர் கருத்துகள் அனைத்தின் மீதும் தன் கருத்தைப் பெய்துவிட்டு நகர்கிறது. இதற்கும் கல்விப்புலத்தில் பெயருண்டு. அதைச் சொன்னால் அடுத்த கருத்தரங்குக்கு எனக்கு அழைப்பு வராது.

காலைத் தூக்கும் உயரம் தனி இயலுக்குரியது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஆண் நாய்கள் காலைத் தூக்கும் கோணத்தை அளந்தனர். சிறிய நாய்களே அதிகக் கோணத்தில் தூக்கின. தன் உருவத்தைப் பெரிதாகக் காட்டும் உத்தியாக இருக்கலாம் என்று கருதினர். இதை நான் இட்டுக்கட்டவில்லை. மூன்று கிலோ உயிர் தன்னைப் பெரிதாய்க் காட்ட என்ன செய்யும் என்பது, கட்டுரையைவிட அடிக்குறிப்பு நீண்ட ஆய்வேடுகளைப் படித்தவர்க்குப் புதிதல்ல (பின்படிக்கட்டு விவாதம், முதல் அமர்வு, பால்காரர் தலைமை, தீர்மானம் எட்டப்படாமல் பால் திரிந்தது).

ஆகவே நடையின் கால் மணி நேரத்தில் பத்து நிமிடம் கம்பத்தடியில் கழிந்தாலும் கயிற்றை இழுக்கலாகாது. ஆய்வுக்கால நீட்டிப்பு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.