தை பிறந்தால் வழி மறையும்

ஸ்கார்பரோ, டொரோன்டோ
தை மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

 

அக்கா பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வராமல் பாதி வழியில் காரைத் திருப்பிவிட்டான் என்றும், "ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், அதுவும் வெயில் அடித்த நாள், இதற்கு என்ன சாக்கு?" என்றும் நீங்கள் உங்கள் தம்பியிடம் போனில் கேட்டது இங்கே வந்து சேர்ந்தது. திருவண்ணாமலைக் கோர்ட்டில் கட்டுக் கட்டாகக் காகிதம் பார்த்து ஓய்வுபெற்றவருக்கு வாய்ப்பேச்சில் பதில் சொன்னால் எடுபடாது. ஆகவே எழுத்துமூலம் எதிருரை தாக்கலாகிறது. உங்கள் தம்பி மகன் இனி இந்தக் கடிதத்தில் பிரதிவாதி என்றே குறிப்பிடப்படுவான்.

முதல் சங்கதி, வெயில். டொரோன்டோவில் அன்று வெயில் அடித்தது உண்மை. பிரதிவாதி அதை மறுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். ஆனால் அக்கா இருக்கும் பேரி நகரத்துக்குப் போகும் 400-ஆம் எண் நெடுஞ்சாலையில் வெயிலுக்குச் சாட்சி மதிப்பே கிடையாது. இங்குள்ளவர்கள் 'ஸ்னோ ஸ்குவால்' என்று ஒன்றுக்குப் பயப்படுகிறார்கள். ஊரெல்லாம் மூடிக்கொண்டு பெய்கிற பனிப்புயல் இல்லை இது. சில கிலோமீட்டர் அகலத்தில், நீளமான பட்டையாக வரும். பட்டைக்கு வெளியே நீல வானம். உள்ளே நுழைந்தால் கார் மூக்குகூடத் தெரியாது.

காரணம் ஹூரான் ஏரி. ஏரி என்றதும் நம் சமுத்திரம் ஏரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பரப்பில் தமிழ்நாட்டில் கிட்டத்தட்டப் பாதி. கோடையில் வாங்கிய சூட்டை அது லேசில் விடுவதில்லை. வடமேற்கிலிருந்து வரும் துருவக் காற்று அதன்மேல் ஓடும்போது, அடியிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு மேலெழும்புகிறது. ஏரி நீருக்கும் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும், மேகம் திரண்டு, கரையேறியதும் கொட்டித் தீர்க்கும். ஏரி முழுக்க உறைந்துவிட்டால் தொல்லை அடங்கும். ஆனால் அவ்வளவு பெரிய ஏரி அப்படி உறைவது அபூர்வம்.

உள்ளே மாட்டியவன் கதி? தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. அண்ணாமலையாரின் அடிமுடி தேடிய பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் எதிரே ஒரு நெருப்புத் தூணாவது தெரிந்தது. இங்கே அதுவும் இல்லை.

இரண்டாவது சங்கதி, சாட்சிகள். 2014 பிப்ரவரி 27 அன்று இதே 400-ஆம் நெடுஞ்சாலையில், பேரிக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ நூறு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. 2010 டிசம்பரில் சார்னியா அருகே 402-ஆம் நெடுஞ்சாலையில் 300 பேருக்குமேல் பனியில் சிக்கினார்கள். ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்து மீட்டன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2022 மார்ச் 28, நம் ஊரில் பங்குனி வெயில் காய்கிற நேரம், 80 வண்டிகள் மோதி 6 பேர் இறந்தார்கள்.

"ஓரமாக நிறுத்திவிட்டு இருக்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அங்கேதான் வினை. நின்றவனைப் பின்னால் வருகிறவன் பார்க்க முடியாது. 400 மீட்டருக்குள் பார்வை குறுகி நீடித்தால் வானிலைத் துறை எச்சரிக்கை விடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காருக்கு 400 மீட்டர் என்பது பதினான்கு விநாடிச் சமாசாரம். ஸ்குவாலுக்குள் அந்த 400 மீட்டரும் கிடைப்பதில்லை. முன்னால் நிற்கிற லாரியைவிட முதுகுக்குப் பின்னால் வருகிற லாரிதான் பெரிய எமன். அதனால் எச்சரிக்கை வந்தால் முந்தைய எக்ஸிட்டிலேயே இறங்கிவிடு என்பதுதான் இங்கே முதல் பாடம்.

"பெரிய லைட்டைப் போடுவது?" போட்டால் வெளிச்சம் பனித்துகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். "ஹாரன்?" நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் மரியாதை; இங்கே வசவு. பின்விளக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய கார்கள் பலவற்றில் பகலில் முன்விளக்கு தானாக எரியும், பின்விளக்கு எரியாது. ஓட்டுகிறவர் எல்லாம் எரிகிறது என்று நினைத்துப் போவார்; பின்னால் வருபவருக்கு அவர் இருப்பதே தெரியாது. கனடா அரசு இதைத் திருத்த 2021 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு விதி போட்டிருக்கிறது. பிரதிவாதியின் கார் அதற்கு மூத்தது.

மூன்றாவது, காரில் இருந்த பொருட்கள். ஒரு மண்வெட்டி, கம்பளி, பிஸ்கட், சக்கரம் வழுக்காமல் இருக்கப் பூனைக்குப் போடும் மணல், ஆழமான டின்னில் ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. மெழுகுவர்த்தியை அரசாங்கமே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2,668 அடி மலைமேல் மகாதீபம் பார்த்து வளர்ந்த பிள்ளை டின்னுக்குள் தீபம் ஏற்றிக் குளிர்காயப் போகிறான் என்று பெரியம்மா சிரிக்கலாம். இன்ஜினை ஓடவிட்டுக் குளிர்காய்வதில் ஆபத்து அதிகம். புகைக்குழாயைப் பனி அடைத்தால் நச்சுப்புகை உள்ளே வந்துவிடும். பாகிஸ்தானின் முர்ரி மலையில் 2022 ஜனவரியில் பனியில் சிக்கிய கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பிரதிவாதி வழியில் ஒரு காபிக்கடையில் நின்றபோது அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் போன் செய்தார்: "தம்பி, இஞ்ச ஒண்டும் தெரியேல்லை, நீங்கள் வர வேண்டாம்." நாற்பது குளிர்காலம் பார்த்த மனிதர். அவர் பேச்சைத் தட்டலாமா? தாய்மாமன் கொடுக்க வேண்டிய மடியையும் அவரே கொடுத்தார். பிள்ளை அவர் மடியில் அழுததாகத் தகவல். தோடு பிரதிவாதியின் சட்டைப் பையில் இருந்தது, மறுவாரம் ஒப்படைக்கப்பட்டது.

நம் ஊரில் தை பிறந்தால் வழி பிறக்கும். இங்கே இருக்கிற வழியும் மறைந்துபோகும். போதாததற்கு ஒன்ராறியோ மாகாணம் 2014-இலும், கனடா நாடாளுமன்றம் 2016-இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று அறிவித்துவிட்டன. பொங்கல் விழா, பட்டிமன்றம், பரதநாட்டியம் எல்லாம் ஸ்குவால் காலத்திலேயே வந்து குவிகின்றன.

ஆகவே பிரதிவாதியின் வேண்டுகோள்: அடுத்த விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது கார்த்திகை முதல் பங்குனி வரை வானிலைத் துறை ஆட்சேபிக்கிறது என்பதைக் கவனிக்கவும். ஆடியும் புரட்டாசியும் கூடாது என்று நீங்களே சொல்வீர்கள். மிச்சம் சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி, ஐப்பசி. அந்த மாதங்களில் சாலை வேலை என்று அதே நெடுஞ்சாலையில் பாதியை அடைத்துவிடுவார்கள். அதற்குத் தனியாக எதிருரை தயாராகிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன் (பிரதிவாதி)