தவறணை தேடும் மருமோனுக்கு

மருமோன்,

உன்ரை குரல்செய்தி ஆறு நிமிசம் ஓடிச்சுது. முனிச்சிலை வேலை தொடங்கி ஒன்பது நாளாப்போச்சு, எந்தக் கிராங்கன்காசேயிலை, அதுதான் சுகாதாரக் காப்புறுதியிலை, சேருறதெண்டு இன்னும் முடிவில்லை எண்டு சொல்லுறதுக்கு ஆறு நிமிசம். அது காணாதெண்டு ஒரு அட்டவணையும் அனுப்பியிருக்கிறாய். 23 காசே, ஒவ்வொண்டுக்கும் புள்ளி, பச்சை சிவப்பெண்டு கலரும் அடிச்சிருக்கு. கொம்மா உனக்குப் பொம்பிளை பாக்கேக்கை நாலு சாதகத்தோடை விட்டிட்டா.

பேரிலேயே காசு இருக்கிற சாமான் இது. டொச்சிலை காசே எண்டால் பணப்பெட்டி. வந்த புதிசிலை நாங்கள் அதைக் காசு எண்டுதான் விளங்கிக்கொண்டம். 40 வருசம் சம்பளத்துண்டைப் பாத்த பிறகும் அந்த விளக்கத்திலை எனக்குப் பெரிய பிழை தெரியேல்லை.

கொப்பரிட்டை ஊர்த் தவறணைக் கதையை ஒருக்காக் கேட்டுப்பார். பக்கத்திலை தவறணை இருக்க, மேற்குத் தவறணைக் கள்ளுத்தான் திறமெண்டு ஒரு மைல் சைக்கிள் மிதிப்பார் மனிசன். ரெண்டுக்கும் ஒரே பனங்கூடல், ஒரே சங்கம், ஒரே விலை. அப்ப என்ன வித்தியாசம்? மேற்கிலை பிளாவை வடிவாக் கோலி வைச்சிருப்பாங்கள். கடிக்கப் பொரிச்ச மீன் இருக்கும். ஊத்துறவன் சிரிச்சுக் கதைப்பான். கொப்பர் குடிச்சது அந்தச் சிரிப்பைத்தான்.

ஜேர்மனியிலையும் இதே கதைதான். வைத்தியத்திலை 95 வீதமளவு எல்லாக் காசேக்கும் சட்டத்திலையே எழுதிக் கிடக்கு. டொக்டர், ஒப்பரேசன், பிள்ளைப்பேறு எல்லாம் ஒண்டு. ஆசுப்பத்திரியிலை படுத்தால் நாளுக்கு 10 யூரோ உன்ரை கையாலை. வருசத்துக்கு 28 நாளுக்கு மேலை கேக்கேலாது. எந்த அட்டையை நீட்டினாலும் இதுதான் கணக்கு. உன்ரை அட்டவணையிலை ‘ஆசுப்பத்திரி’ எண்ட நிரலிலை 23 பேருக்கும் வேற வேற புள்ளி கிடக்கே, அதை எங்கை கண்டனீ?

எங்கடை காலத்திலை இந்த யோசினையே இல்லை. 1985இலை கிழக்கு பெர்லினிலை இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தனான். காய்ச்சல் வந்தால் சமூகநலக் கந்தோரான சோசியலாம்டிலை வரிசையிலை நிண்டு துண்டு வாங்கித்தான் டொக்டரிட்டைப் போகலாம். பேந்து குசினியிலை கோப்பை கழுவ வேலை கிடைச்சுது. தொழிலாளி எண்டால் பெரும்பாலும் ஆஓகா எண்ட காசே, மேசையிலை இருந்து எழுதிறவைக்கு வேற காசே. மீசைக்காரன் பிஸ்மார்க் 1883இலை இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த நாளிலையிருந்து ஆளைப் பாத்துத்தான் பெட்டி. ஆரும் எதிலையும் சேரலாமெண்டு வந்தது 1996இலை. அந்தப் புழுகத்திலை நான் மூண்டு வருசத்திலை ரெண்டு தரம் மாறினன். தவறணை மாறினது மட்டும்தான் மிச்சம்.

1970இலை 1,800க்கு மேலை இருந்த காசேயள் ஒண்டோடை ஒண்டு சேர்ந்து இப்ப 90 சொச்சத்திலை நிக்குது. இன்னும் கொஞ்சம் பொறுத்தியெண்டால் நீ தெரிவுசெய்யவே தேவையில்லாமல் போயிடும்.

சரி, பகிடியை விடுவம். காசிலை வித்தியாசம் இருக்கு. 2025ஆம் ஆண்டுக் கணக்கிலை சம்பளத்திலை 14.6 வீதம் எல்லாருக்கும் பொது. பாதி உனக்கு, பாதி முதலாளிக்கு. அதுக்கு மேலை காசே தன்ரை விருப்பத்துக்குப் போடுற மேல்வரி ஒண்டிருக்கு, சூசாட்ஸ்பைட்றாக் எண்டு. சொல்லேக்கையே தும்மல் வரும். அந்த வருசத்துக்குச் சராசரி 2.5 வீதமெண்டு அரசாங்கம் சொன்னது, ஆனால் ஒவ்வொரு காசேக்கும் ஒவ்வொரு விதம். அதிலையும் பாதி முதலாளியின்ரை தலையிலை. உனக்கு மாதம் 4,000 யூரோ சம்பளம் எண்டு வை. ஒரு காசே 2.2, மற்றது 3.2 எண்டால் உன்ரை பங்கிலை மாதம் 20 யூரோ வித்தியாசம், வருசத்துக்கு 240. சின்னக் காசில்லைத்தான். ஆனால் நீ ரெண்டு இரவு நித்திரை முழிச்சு அட்டவணை போட்டதுக்கு மணிக்கூலி பாத்தியெண்டால் எங்கை நிக்குமோ தெரியாது.

மலிவெண்டு எடுத்ததை அடுத்த வருசம் கூட்டுவாங்கள். கூட்டட்டும். வழமையாய் 12 மாசம் ஒண்டிலை இருக்கவேணும். மேல்வரி கூடினால் அதுக்கு முன்னமே வெளிக்கிடலாம். பழைய காசேக்குக் கடிதம் எழுதிற வேலையும் இல்லை, புதுசு பாத்துக்கொள்ளும். தாலி கட்டின மாதிரிப் பயப்பிடாதை.

நீ பாக்கவேண்டியது பிளாவும் பொரிச்ச மீனும். மருமகள் வந்தாப்பிறகு ரெண்டு வருசத்துக்கொருக்கா ஊருக்குப் போவியள்தானே? போகமுதல் செங்கமாரி ஊசி, நெருப்புக்காய்ச்சல் ஊசி போடவேணும். சில காசே முழுக்கத் தரும், சிலது பாதி, சிலது கையை விரிக்கும். பல்லுச் சுத்தம் செய்யிறதுக்கும் அப்பிடித்தான். மிச்ச அஞ்சு வீதத்தின்ரை கூத்து இது. உந்த ஊசிக்கு உன்ரை அட்டவணையிலை நிரலே இல்லை.

எல்லாத்துக்கும் மேலை, போன் எடுத்தால் மறுபக்கத்திலை ஆர், என்ன பாசையிலை கதைக்கிறது எண்டு பார். உனக்கு இங்கிலீசு ஓடும், சில காசேயிலை இங்கிலீசிலையே கதைக்கலாம். எனக்கு அந்தக் காலத்திலை டொச்சும் இல்லை, இங்கிலீசும் இல்லை. என்ரை மூத்தவள்தான் மொழிபெயர்ப்பு, அப்ப அவளுக்குப் பத்து வயசு. மூலத்தாலை கதிரையிலை குந்தேலாமல் ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிட்டைப் போனன். மகளிட்டை என்னெண்டு விபரம் சொல்லுறது? “அப்பாவுக்கு இருக்கேலாதாம் எண்டு சொல்லு பிள்ளை” எண்டன். பிள்ளையும் சொல்லிச்சுது: அப்பாவாலை நிண்டு மினைக்கெடேலாதாம். டொக்டர் மணிக்கூட்டைப் பாத்து, அவ்வளவு அவசரமெண்டால் நாளைக்கு வரச்சொல்லி எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். நான் மரியாதையா நன்றி சொல்லிப்போட்டு நிண்டபடியே பஸ்ஸிலை வீட்டை வந்தன்.

இன்னொண்டு. காசேயின்ரை கடிதத்தை விளம்பரமெண்டு எறியாதை. நான் மாறின ரெண்டிலை ஒண்டு, பேர் வேண்டாம், மனிசியும் பிள்ளையளும் இன்னும் என்ரை கணக்கிலைதானோ எண்டு கேட்டுப் படிவம் அனுப்பினது. நான் அதிலை மீன் வெட்டினன். ரெண்டாந்தரம் வந்ததிலையும் வெட்டினன். பேந்து சின்னவனுக்குக் காது குத்தெண்டு போனால் அட்டை வேலைசெய்யேல்லை. பிழை என்னிலைதான், எண்டாலும் ரெண்டு மாசம் அவங்களைத்தான் திட்டினன்.

உன்ரை ஒபிஸிலை டை கட்டின தம்பி ஒருத்தர் வந்து, பிறைவேட்டுக்கு மாறுங்கோ, மலிவு, டொக்டர் உடனை பாப்பார் எண்டாராமே. அந்த வாசலிலை நுழைய 2025இலை வருசத்துக்கு 73,800 யூரோவுக்கு மேலை உழைக்கவேண்டியிருந்தது; உனக்கு இன்னும் அந்த வருத்தம் வரேல்லை. வந்தாலும் யோசி. பொதுக் காசேயிலை மருமகள் வேலை எடுக்குமட்டும் அவவும் பிள்ளையும் உன்ரை சந்தாவோடை சும்மா ஏறுவினம். அங்கை தலைக்கொரு ரிக்கற், அதுவும் வயசையும் வருத்தத்தையும் பாத்துப் போடுற விலை. 55 தாண்டினால் திரும்பி வாறது குதிரைக்கொம்பு. டை கட்டின தம்பி அதைச் சொல்லியிருக்கமாட்டார், அவருக்கு முப்பது வயசுதானே.

டோர்ட்முண்டிலையிருந்து பெரியம்மாவின்ரை பொடியன் நேற்று மூண்டு தரம் எடுத்துத் தன்ரை காசேயைப் புகழ்ந்தவனெண்டும் சொன்னாய். கலியாணவீட்டிலை உன்னைக் கண்டும் காணாதமாதிரிப் போனவனுக்கு இப்ப ஏன் இவ்வளவு உருக்கம்? ஆளைப் பிடிச்சுத் தந்தால் சில காசேயள் தந்தவனுக்குச் சின்னக் காசொண்டு குடுக்கும், மருமோன். அவன் சொல்லுறது பிழையெண்டில்லை. ஏன் சொல்லுறான் எண்டதைத் தெரிஞ்சு வைச்சுக்கொள், அவ்வளவுதான்.

வேலை தொடங்கி 14 நாளுக்குள்ளை நீ ஒண்டைச் சொல்லாட்டி முதலாளி தானே ஒண்டிலை பதிஞ்சுவிடுவான். உனக்கு மிச்சம் அஞ்சு நாள். அட்டவணையை மூடு. டோர்ட்முண்டுப் பொடியனிட்டையும் அவசரப்பட்டு ஓமெண்டு சொல்லிப்போடாதை. சனிக்கிழமை காலமை ரயிலிலை நானே வாறன், மாமி மீன்குழம்பும் தந்துவிடுவா. என்ரை காசேயின்ரை படிவம் ஒண்டும் கொண்டுவாறன். பேர், விலாசம், பிறந்த திகதி மட்டும் நீ எழுது. அடியிலை ‘பரிந்துரைத்தவர்’ எண்டொரு கட்டமிருக்கு, அதோடை நீ மினைக்கெடாதை. அதை நான் இப்பவே நிரப்பிப்போட்டன்.